சிவனொளிபாத மலை, நல்லதண்ணி வழி: 61 வயசு அப்பாவோட போறோம், எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்கணும்?

வேளச்சேரிவாசி எழுதியது:

வணக்கம். பிப்ரவரி நடுவுல இலங்கை போய் சிவனொளிபாத மலை ஏறலாம்னு இருக்கோம். நான், தம்பி, அப்பா. அப்பாவுக்கு 61. பிரஷர் மாத்திரை போடுறார், தினமும் காலைல ஒரு மணி நேரம் நடப்பார், முட்டிவலி எதுவும் இல்ல. சுத்த சைவம். கையில இருக்கறது மொத்தம் நாலு நாள், சென்னையிலேர்ந்து போய் சென்னைக்கே திரும்பணும்.

நெட்ல ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கே கிளம்பிடணும்ங்கறார், இன்னொருத்தர் மூணு மணி போதும்ங்கறார். 5,500 படின்னு போட்டிருக்கு. அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் படிதானா, நடுவுல நடைபாதை இருக்கா? குருவிட்ட வழி ரொம்ப அழகுன்னு சொல்றாங்களே, அப்பாவ வச்சுக்கிட்டு அது முடியுமா? இங்க சென்னைல ஏறிப் பழக எங்க போறது? ஊட்டிக்கு எடுத்துட்டுப் போற ஸ்வெட்டர் போதுமா? ஏறினவங்களும் அந்தப் பக்கத்துக்காரங்களும் கொஞ்சம் விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

தம்பி, முதல்ல தேதிய முடிவு பண்ணுங்க, மணிக் கணக்கு அதுக்கு அப்புறம்தான்.

டிசம்பர் போயாவுல, அதாவது பௌர்ணமியில, சீசன் தொடங்கி மே மாசம் வெசாக் போயாவோட முடியும். அதுவரைக்கும் பாதை நெடுக லைட் எரியும், கடைங்க திறந்திருக்கும். பிப்ரவரி நல்ல மாசம். வடகிழக்கு மழை ஓய்ஞ்சிருக்கும், தென்மேற்கு வர இன்னும் நாள் கிடக்கு. ஆனா போயா அன்னிக்கும் அதுக்கு முன்ன பின்ன ரெண்டு நாளும், எந்த சனி ஞாயிறும் வேணாம். போயா அங்க அரசாங்க லீவு, நாடே கிளம்பி வரும். அந்த மாதிரி ராத்திரியில உச்சிக்குக் கிட்ட வரிசை நகரவே நகராது. படியில நின்ன இடத்துலயே விடிஞ்சிரும். பத்து மணின்னு எழுதினவர் போயா ராத்திரி போயிருப்பார், மூணு மணின்னவர் ஏதோ செவ்வாக்கிழமை போன இளவட்டமா இருக்கும். ரெண்டும் பொய் இல்ல. நீங்க காலண்டர்ல பௌர்ணமியப் பார்த்து, அதுலேர்ந்து ஒரு வாரம் தள்ளி, செவ்வாய் – புதன் – வியாழன்ல ஒண்ணப் பிடிங்க.

நல்லதண்ணி பஜார் சுமார் 1,250 மீட்டர் உயரத்துல இருக்கு. உச்சி 2,243. ஏற வேண்டியது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர், தூரம் ஒரு வழிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. முதல் பகுதி முழுப் படி இல்ல. கடைங்களுக்கும் தேயிலைக்கும் நடுவுல சாய்வான பாதை, இடையில இடையில நாலஞ்சு படி. இங்கதான் எல்லாரும் ஜோரா நடந்து தெம்ப விட்டுர்றாங்க. ஜப்பான்காரங்க கட்டின சமாதானத் தூபி, சீத கங்குல ஓடை இந்த ரெண்டையும் தாண்டினாத்தான் மலையே ஆரம்பிக்குது. அதுக்கு மேல கான்கிரீட் படி. ஒண்ணு அரை அடி உயரம், அடுத்தது ஒரு அடி, சிலது பாதி உடைஞ்சிருக்கும். கால் தாளம் பிடிக்கவே விடாது. இந்திகட்டுபானங்கிற இடத்துல முதல் தடவை வர்றவங்க ஊசி நூல் வச்சுக் கும்பிடுவாங்க, வெள்ளை நூல் பாதையோரமா சிலந்தி வலையாட்டம் தொங்கும். அதுக்கு அப்புறம் கைப்பிடிக் கம்பி போட்ட செங்குத்து. அப்பாவுக்கு நேரம் எடுக்கப் போறது அங்கதான்.

இப்ப மணிக்கு வருவோம். பழகின ஆள் ஒரு மணி நேரத்துல 300 மீட்டர் உயரம் ஏறுவார். அப்பா வயசுல 230 – 250 ஏறினாலே நல்ல வேகம். அவருக்கு நாலு, நாலேகால் மணி நேரம், டீக்கடையில உட்கார்றதுக்கு ஒரு அரை மணி. பிப்ரவரியில சூரியன் ஆறு இருபதுக்கு மேல வரும், அஞ்சே முக்காலுக்கே கிழக்கு வெளுத்துரும். வார நாள்ல இரவு ஒரு மணிக்கு பஜார்லேர்ந்து கிளம்புங்க. மூணு பேரும் அப்பா வேகத்துலயே போங்க.

முன்னாடியே போய்ச் சேர்ந்தா நல்லதுதானேன்னு நினைச்சுராதீங்க. மேல இடம் ரொம்பச் சின்னது, ஒதுங்க மறைப்பு குறைவு, காத்து நாலா பக்கமும் அடிக்கும். வேர்வை நனைஞ்ச சட்டையோட மூணு மணிக்கு மேல போய் நின்னா மூணு மணி நேரம் நடுங்கணும். முதல் தடவை வர்றவங்க பண்ற தப்புல இதுதான் பெருசு. வேகமா வந்துட்டீங்கன்னா உச்சிக்கு ஏறாம, கடைசிக் கடைங்க பக்கமே பிளேன்டீ குடிச்சிக்கிட்டு அஞ்சே கால் வரைக்கும் உட்காருங்க.

இன்னொண்ணு. சூரியன் வந்ததும் கூட்டம் மொத்தமும் கிழக்கயே பார்த்துக்கிட்டு நிக்கும், ரெண்டு போட்டோ எடுத்துட்டு இறங்கிரும். நீங்க சூரியன் முழுசா மேல வந்த உடனே மேற்குப் பக்கம் சுத்தி வாங்க. மலையோட நிழல் பனிமூட்டத்து மேல கோடு போட்ட முக்கோணமா விழுந்து கிடக்கும். மலை கூம்பா இருக்கறதால மட்டும் வர்ற முக்கோணம் இல்ல அது. ரொம்ப தூரம் நீளுற நிழல், ரயில் தண்டவாளம் தூரத்துல ஒண்ணு சேர்ற மாதிரி நம்ம கண்ணுக்குக் குவிஞ்சு தெரியுது. சூரியன் ஏற ஏறச் சுருங்கிரும், இருபது நிமிஷத்துக்கு மேல நிக்காது.

உச்சியில செருப்பு, ஷூ கழட்டணும். சிமெண்டுத் தரை ஐஸா இருக்கும், தடிமனா ஒரு ஜோடி காலுறை தனியா கொண்டு போங்க. பாதம் இருக்கிற மண்டபத்துக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது. மணி அடிக்கிற கணக்கு, எத்தனாவது தடவை ஏறுறீங்களோ அத்தனை அடி. நீங்க மூணு பேரும் ஒவ்வொண்ணு.

---

அடையாறு பிசியோ எழுதியது:

மேல சொன்ன நேரக் கணக்கு சரி. நான் காலப் பத்தி மட்டும் சொல்றேன்.

எல்லாரும் ஏறுறதுக்குத்தான் பயப்படுறாங்க. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்னா சரியாயிடும். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முன்தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு எடையத் தாங்குது. தசை நார் அடிபடறது இந்த வேலையிலதான். பாதி இறங்கினதும் தொடை தந்தி மாதிரி ஆடும், முட்டி மடங்கப் பார்க்கும், அப்பத்தான் விழுவாங்க. வலி அன்னிக்குத் தெரியாது. மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் உச்சம். ஆனா தசை ஒரு தடவை இறங்கிப் பழகிட்டா அடுத்த தடவை அடி ரொம்பக் குறையும். அதனால பயிற்சின்னா இறங்கறதுதான் பயிற்சி.

சென்னைல மலை இல்லன்னு கவலையே வேணாம், வேளச்சேரில பத்து மாடி அபார்ட்மென்ட்டுக்கா பஞ்சம்? ஒரு மாடி மூணு மீட்டர். பத்து மாடி ஏறி இறங்கினா ஒரு சுத்துக்கு 30 மீட்டர். முதல் வாரம் அஞ்சு சுத்து, வாரத்துக்கு ரெண்டு நாள். வாராவாரம் ரெண்டு சுத்து கூட்டுங்க. ஆறாவது வாரம் பதினஞ்சு சுத்துல நிப்பீங்க, அது 450 மீட்டர். ஆயிரத்தையும் இங்கயே ஏறிப் பார்க்க வேண்டியதில்ல. ஏறிட்டு லிப்ட்ல இறங்கினா கணக்குல சேராது. மீதி நாள்ல, 20 சென்டிமீட்டர் உயரத் திண்ணையில ஒத்தக் கால்ல நின்னு, மறு காலோட குதிகால் தரையத் தொடற வரைக்கும் மெதுவா இறக்கி ஏத்தறது: ஒரு காலுக்கு 12 தடவை, மூணு செட். முட்டி உள்பக்கமா சாயாம, கால் கட்டை விரலுக்கு நேரா வரணும். சாஞ்சா திண்ணை உயரத்தக் குறைச்சுக்கங்க.

மெரினா மணல்ல நடந்தா போதும்னு யாராவது வந்து சொல்வாங்க. நல்ல நடைதான், படி இறங்கறதுக்கு அது உதவாது. பரங்கிமலைப் படி நூத்திச் சொச்சம்தான், அஞ்சாறு தடவை ஏறி இறங்கினா வேலை நாள் சாயங்காலத்துக்குச் சரியா இருக்கும். நாலாவது வாரம் சோளிங்கர் பெரிய மலை போங்க, 1,305 படி. அங்க ரோப்கார் இருக்கு, அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதீங்க. குரங்குத் தொல்லை அதிகம், கையில தின்பண்டம் தெரியக் கூடாது. கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி திருப்பதி அலிபிரி 3,550 படி. அதுதான் உங்க பரீட்சை. தரிசனம் முடிஞ்சு பஸ் ஏறிடாம நடந்தே இறங்குங்க. அப்பா அதுல அடுத்த நாள் மாடிப்படிய கம்பியப் பிடிக்காம இறங்கினார்னா நல்லதண்ணி அவருக்குச் சிரமமே இல்ல. பயணத்துக்கு முந்தின ஆறு நாள் படியே வேணாம், சமதரை நடை மட்டும்.

அப்பாவோட பிரஷர் மாத்திரை எந்த வகைன்னு பாருங்க. சில மாத்திரை நாடித் துடிப்ப ஏற விடாது. அப்போ கையில கட்டின வாட்ச் 110னு காட்டினாலும் அவர் உடம்பு முழு பாரத்துல ஓடிட்டு இருக்கும். வாட்ச நம்பாம பேச்ச நம்புங்க. ஒரு முழு வாக்கியம் நிறுத்தாம பேச முடியணும், முடியலன்னா வேகத்தக் குறைக்கணும். நீர் பிரியற மாத்திரையா இருந்தா தண்ணியும் உப்பும் சீக்கிரம் குறையும். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவரோட டாக்டர்கிட்ட, ராத்திரி முழுக்க ஏறப் போறோம்னு சொல்லி மாத்திரை நேரத்தக் கேட்டுக்கங்க. டிரெட்மில் டெஸ்ட் வேணுமான்னும் கேளுங்க. நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. ஏறும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை இல்லன்னா தாடை வலி, திடீர்னு சில்லுனு வேர்வை வந்தா அங்கயே உட்கார வச்சு உதவி கூப்பிடணும். உச்சி அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும்.

இறங்கும்போது முட்டிய விறைப்பா வைக்காதீங்க. பாதம் முழுசா படியில பதியணும். படி ரொம்ப உயரம்னா பக்கவாட்டுல திரும்பி இறங்கலாம். ஊன்றுகோல் ரெண்டு இருந்தா நல்லது, இறங்கும்போது ஏறினத விட அஞ்சு பத்து சென்டிமீட்டர் நீளமா வச்சுக்கங்க. கால் நகத்த ரெண்டு நாள் முன்னாடி ஒட்ட வெட்டுங்க. நகம் நீளமா இருந்தா இறங்கும்போது ஷூ முனையில இடிச்சு கறுத்துரும். ஷூ லேஸ கணுக்கால்கிட்ட இருக்கிற கடைசி ஓட்டையிலயும் கோத்து இறுக்குங்க, பாதம் முன்னால வழுக்காது. புது ஷூ போட்டுட்டுப் போகாதீங்க.

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

பிசியோ சொன்னதுல ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்றேன். ஊன்றுகோல் ரெண்டு வேணாம், ஆளுக்கு ஒண்ணு போதும். கம்பி போட்ட பகுதியில ஒரு கை கம்பிக்கு வேணும். படி அகலம் அங்க குறைவு, ஏறுறவங்களும் இறங்குறவங்களும் உரசிக்கிட்டுத்தான் போவாங்க. ரெண்டு கோல விரிச்சுக்கிட்டு இறங்கினா பின்னால வர்ற பாட்டி தடுக்கி விழுவாங்க. கோல் முனைக்கு ரப்பர் மூடி போட்டு வாங்க, கான்கிரீட்ல இரும்பு முனை வழுக்கும்.

---

தாம்பரம் டிரெக்கர் எழுதியது:

குளிர் விஷயம். ஊட்டி ஸ்வெட்டர் மட்டும் போதாது. குளிர் ஊட்டி அளவுதான், விடியக்காலைல பத்து டிகிரிக்குக் கீழ போகும். ஆனா ஊட்டில நீங்க காஞ்ச சட்டையோட ரோட்டுல நிப்பீங்க, இங்க நாலு மணி நேரம் வேர்த்துக் கொட்டி நனைஞ்ச உடம்போட காத்துல நிப்பீங்க. ஸ்வெட்டர் காத்த நிறுத்தாது. உள்ள சீக்கிரம் காயற டி-ஷர்ட், நடுவுல ஸ்வெட்டர் இல்ல பிளீஸ், மேல காத்து புகாத மெல்லிசு ஜாக்கெட். டெகாத்லான்ல கிடைக்கிற சாதாரண விண்ட்சீட்டர் போதும், விலை உயர்ந்த பனிமலை கோட்டெல்லாம் வேணாம். ஜீன்ஸ் வேணவே வேணாம். நனைஞ்சா கனம், காயாது, முட்டிய மடக்க விடாது. மங்கி குல்லாவப் பார்த்துத் தம்பி சிரிப்பார், மேல போனதும் அவரே கேட்பார், ரெண்டா எடுத்துக்கங்க.

கிளம்பும்போது ஸ்வெட்டர் போடாதீங்க. பஜார்ல நிக்கும்போது லேசா குளிரணும், பத்து நிமிஷ நடையில சூடாயிடும். உச்சிக்கு முந்தின கடைசிக் கடையில உட்கார்ந்து நனைஞ்ச டி-ஷர்ட், பனியன் ரெண்டையும் கழட்டிட்டு காஞ்சதப் போட்டு, அதுக்கு மேல ஸ்வெட்டர், ஜாக்கெட். இந்த ஒரு வேலையச் செய்யாததாலதான் பாதிப் பேர் சூரியன் வர்றதுக்கு முன்னாடியே இறங்கறாங்க. காஞ்ச துணிய துணிப்பையில வச்சு அதுக்கு மேல தண்ணி புகாத பை. கேரி பேக் மாதிரி பாலிதீன் எடுத்துட்டுப் போகாதீங்க, அது காப்புக்காடு, வழியில சோதனையும் உண்டு.

தண்ணி ஆளுக்கு ஒரு லிட்டர் போதும், வழியெல்லாம் கடை. லைட் எரியும்னாலும் ஆளுக்கு ஒரு டார்ச், முடிஞ்சா தலையில மாட்டறது. கரண்ட் போகலாம், கழிப்பறைப் பக்கம் இருட்டாவும் இருக்கும். காலைல எட்டரைக்கு மேல இறங்குற படியில வெயில் நேரா அடிக்கும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் அப்போதான் தேவைப்படும்.

குருவிட்ட – எரத்ன வழி பத்தி. அழகுன்னா அது நிஜமாவே அழகுதான். காடு, ஓடை, ஆள் நடமாட்டம் கம்மி. நீங்க பார்க்க நினைக்கிற மலை அந்தப் பக்கம்தான் இருக்கு, நல்லதண்ணிப் பக்கம் பாதி நேரம் டியூப் லைட்டும் பொம்மைக் கடையும்தான். ஆனா நல்லதண்ணிய விடத் தாழ்வான இடத்துலேர்ந்து தொடங்குது. ஏற வேண்டிய உயரம் ஒன்றரை மடங்குக்கு மேல, தூரமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஹெரமிட்டிபானங்கிற இடத்துல பலாபத்தல பக்கத்து இரத்தினபுரிப் பாதையோட சேருது. சேர்ந்த பிறகுதான் மகாகிரிதம்பங்கிற கடைசிச் செங்குத்து, அதாவது களைச்சுப் போன நேரத்துல. கடை குறைவு, ஈரமா இருந்தா அட்டை உண்டு. பகல்ல ஏறி மேல பக்கம் தங்கி விடியல் பார்த்து இறங்கற வழி அது, ராத்திரியில போனா அந்த அழகு எதுவும் கண்ணுல படாது. அப்பாவோட வேணாம். ஏறுனது நல்லதண்ணி, இறங்குறது எரத்னன்னு தம்பிங்க ரெண்டு பேரும் மட்டும் பிரிஞ்சு போலாம்னு தோணும். பைங்க நல்லதண்ணில கிடக்கும், நீங்க மலைக்கு அந்தப் பக்கம் இரத்தினபுரி மாவட்டத்துல நிப்பீங்க. நாலு நாள்ல இத வச்சுக்காதீங்க.

கூட்டமே வேணாம், பாஸ்போர்ட் வேலையும் வேணாம்னு இந்த இழையப் படிக்கிற வேற யாராவது நினைச்சா, அந்தமான்ல சேடில் பீக் இருக்கு. 732 மீட்டர், அந்தத் தீவுக் கூட்டத்துலயே உயரம் அதுதான். வடக்கு அந்தமான், திக்லிபூர் பக்கம் காலிபூர் கடற்கரைலேர்ந்து வனத்துறை சோதனைச் சாவடியில அனுமதி வாங்கி ஏறணும். ஒரு வழி சுமார் எட்டு கிலோமீட்டர், முதல்ல கடலோரமாப் போய் அப்புறம் காட்டுக்குள்ள ஏறும். உயரம் கம்மின்னு ஏமாறாதீங்க. கடையே கிடையாது, புழுக்கம் சென்னை மே மாசம் மாதிரி, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி சுமக்கணும். கடியாரம் நம்ம நேரம்தான், ஊரோ ரொம்பக் கிழக்க இருக்கு. பிப்ரவரியில அஞ்சரை வாக்குல சூரியன் மறைஞ்சிடும். காலைல ஆறுக்கே ஏற ஆரம்பிக்கணும். போர்ட் பிளேர்லேர்ந்து, இப்ப பேரு ஸ்ரீ விஜய புரம், ரோட்டுல போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள்.

---

வேளச்சேரிவாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நல்லதண்ணிதான், முடிவு பண்ணியாச்சு. இன்னும் மூணு சந்தேகம். முதல் நாள் காலைல பிளைட் பிடிச்சா அன்னிக்கு ராத்திரியே ஏறிடலாமா? அப்படி ஏறினா மீதி நாள்ல ஹார்ட்டன் சமவெளி, உலக முடிவு பார்த்துடலாம்னு தம்பி சொல்றான். அப்பாவுக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெட்டிய எங்க வைக்கிறது?

---

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

அன்னிக்கு ராத்திரியே வேணாம் தம்பி. சென்னைல விடியக்காலைப் பிளைட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சிருப்பீங்க. பறக்கறது ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான், ஆனா கட்டுநாயக்காவுல இறங்கி கொழும்பு கோட்டை வந்து ரயில் பிடிச்சு ஹட்டன் வரவே சாயங்காலம் ஆயிரும். அங்கிருந்து மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு பஸ், இல்ல ஆட்டோ, வளைவு ரோட்டுல ஒரு மணிக்கு மேல. அந்த உடம்போட நடுராத்திரி ஏறினா அப்பா சீத கங்குலயிலேயே உட்கார்ந்துருவார்.

முதல் நாள் வந்து தூங்குங்க. ரெண்டாம் நாள் பகல்ல பாதையோட முதல் அரை மணி நேரத்த வெளிச்சத்துல நடந்து பார்த்துட்டு வாங்க, ராத்திரி எங்க திரும்பறதுன்னு தெரிஞ்சிரும். சாயங்காலம் ஆறுக்கு லேசாச் சாப்பிட்டு ஏழுக்குப் படுங்க, பன்னெண்டேகாலுக்கு எந்திரிங்க. மூணாம் நாள் ஒரு மணிக்கு ஏறி, ஏழு வாக்குல இறங்க ஆரம்பிச்சா பத்து பத்தரைக்குக் கீழ. குளிச்சுத் தூங்குங்க. நாலாம் நாள் காலைல கொழும்புக்கு இறங்கி ராத்திரி பிளைட். ஏறின அன்னிக்கே ரயில் பிடிக்கிற திட்டம் வேணாம். ஹட்டன் ஸ்டேஷன்ல சீசன் நேரம் உட்கார இடம் கிடைக்காது, அந்தத் தொடையோட நிக்கவும் முடியாது.

ஹார்ட்டன் சமவெளிக்கு நுவரெலியாவுல ஒரு ராத்திரி தங்கணும். சுத்து நடை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், உலக முடிவுல பாறை 870 மீட்டர் கீழ இறங்குது. காலை ஒன்பது பத்துக்குள்ள மேகம் வந்து மூடிரும், அதனால விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். தொடை வலி உச்சத்துல இருக்கிற நாள்ல அப்பா இதையும் நடக்கணுமா? தம்பிகிட்ட ஆறு நாள் லீவு போடச் சொல்லுங்க, அப்ப ஹார்ட்டன முதல்ல வச்சு மலைய ரெண்டாவதா வைங்க.

சைவத்துக்கு ஹட்டன், மஸ்கெலியாவுல நம்ம ஆளுங்க கடை உண்டு, தோசை, வடை, சோறு கறி எல்லாம் கிடைக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. தேங்காய்ச் சம்பல்ல மாசிக் கருவாடு இடிச்சுப் போடுவாங்க, பார்த்தா தெரியாது. பருப்புக் கறியிலயும் சில கடையில போடறதுண்டு. “மாசி போடாததா?”ன்னு கேட்டா போதும், புரிஞ்சுக்குவாங்க. மலைப் பாதையில ரொட்டி, கடலை, பிஸ்கட், வாழைப்பழம். ஏற முன்ன கொத்து ரொட்டிய வயித்த நிரப்பச் சாப்பிடாதீங்க. முதல் செங்குத்துலயே நெஞ்ச அடைக்கும், அப்பாவுக்கு அது நெஞ்சு வலியோன்னு நீங்க பதற வேண்டி வரும்.

பெட்டி தங்குற இடத்துலயே இருக்கட்டும், இறங்கி வந்து குளிக்க ரூம் வேணும்னு முன்கூட்டியே பேசிக்கங்க. நெட்ல ரூம் தேடும்போது நல்லதண்ணின்னு போட்டா சரியா வராது, அதோட இங்கிலீஷ் பேரான டல்ஹவுசின்னு போடணும், இமாச்சல் டல்ஹவுசிய புக் பண்ணிராதீங்க. பஸ்ஸுல “ஸ்ரீ பாத”ன்னு கேட்டாலும் ஏத்திக்குவாங்க.

---

மந்தைவெளி 28 எழுதியது:

காகித வேலை சில. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஈ.டி.ஏ. (நெட்ல முன்கூட்டியே வாங்கற பயண அனுமதி), கட்டண விதி அப்பப்ப மாறுது. டிக்கெட் போடும்போது ஒரு தடவை, கிளம்பற வாரம் ஒரு தடவை, இலங்கை அரசோட ஈ.டி.ஏ. தளத்துல நேரா பாருங்க. தேடினா முதல்ல வர்றது பெரும்பாலும் ஏஜென்ட் தளம், அதே வேலைக்குக் கூடுதல் காசு. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குக் குறையாம செல்லணும், அப்பாவோடத இப்பவே எடுத்துப் பாருங்க.

ரயில் முன்பதிவு இடம் திறந்த உடனே தீரும். கிடைக்கலன்னா முன்பதிவில்லாத பெட்டியில போலாம், சீசன்ல நின்னுக்கிட்டுத்தான். கனமழைல மண் சரிஞ்சா மலைநாட்டுப் பாதைய நிறுத்திடுவாங்க, முந்தின நாள் ரயில் ஓடுதான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. கொழும்புலேர்ந்து ஹட்டனுக்கு பஸ்ஸும் உண்டு.

டீக்கடையில நம்ம ரூபாய் செல்லாது. ஏர்போர்ட்ல மாத்தும்போதே சில்லறை நோட்டாக் கேட்டு வாங்குங்க. கடைசி ஏடிஎம் மஸ்கெலியான்னு நினைச்சு அங்கயே எடுத்துடுங்க. பிளக் பாயிண்ட் நிறைய இடத்துல சதுர மூணு முள்ளு, நம்ம சார்ஜர் நுழையாது, அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்லயே வாங்கிடுங்க. ஊன்றுகோல கைப்பையில வச்சா செக்யூரிட்டில பிடுங்கிக்குவாங்க, செக்-இன் பெட்டில போடுங்க. அப்பா மாத்திரை மட்டும் கைப்பையில, சீட்டோட.